மதியத்தில் தடம் மாறும் ஆட்டோபைலட்: திசைகாட்டியைக் குழப்புவது எது?

பதிவு 1 | நீள்பாய்

வணக்கம். என்னுடையது 11 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு. உடல் கண்ணாடியிழை, மின்சாரம் முழுவதும் 12 வோல்ட். ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்லும் ஃப்ளக்ஸ்கேட் திசைகாட்டி (புவியின் காந்தப்புலத்தை மின்முறையில் அறியும் உணரி) படகின் நடுப்பகுதியில், இருக்கைக்கு மேலுள்ள சிறு அலமாரியின் பின்சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. கடந்த இரண்டு மாதங்களாக அது தரும் துன்பத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுவதும் படகு கோடு போட்டதுபோல் செல்கிறது. காலை பத்து மணியளவில் மெல்ல விலகத் தொடங்கி, உச்சிப்பொழுதில் ஏறக்குறைய 12 பாகை தவறிவிடுகிறது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கிழக்குப் பக்கமாகவே ஒதுங்குகிறது. மாலையில் தானாகவே சரியாகிவிடுகிறது. வெயில் ஏறும் நேரத்தில் வருவதால் உணரி சூடாகிக் கெடுகிறது என்று எண்ணினேன். ஒருநாள் மதியம் குளிர்பெட்டி, விளக்குகள், வானொலி என்று சுவிட்ச் பலகையில் ஆட்டோபைலட்டைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன். பிழை அப்படியே இருந்தது.

பிறகு, காற்றில்லாத ஒரு மதியம், கையேட்டில் சொன்னபடி படகை மெதுவாக வட்டமடிக்க வைத்துத் திசைகாட்டிக்கு மறுபடியும் அளவுத்திருத்தம் செய்தேன். அதிகபட்ச விலகல் 13 பாகை என்று கருவி காட்டி, திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அன்று மாலை நான்கு மணி வரை எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று இரவு படகு வடக்கு நோக்கிச் சென்றபோது, மேற்குப் பக்கமாக 12 பாகை விலகியது! பகலில் இருந்த நோய் இரவுக்கு இடம் மாறிவிட்டது. உணரியையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | இரும்புடல்

புதிய உணரி வாங்குவதற்கு முன் அந்த அலமாரியை முழுவதும் காலி செய்து பாருங்கள். என் படகில் ஆறு பாகைப் பிழைக்குக் காரணம், திசைகாட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் யாரோ வைத்து மறந்த ஸ்பேனர். ஸ்பீக்கர், தீயணைப்பு உருளை, தகர டப்பா, கைபேசி உறையில் இருக்கும் சிறு காந்தம் எதுவானாலும் தொந்தரவுதான். இத்தகைய சிறு காந்தங்களின் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். அதாவது தூரத்தை இரட்டிப்பாக்கினால் பாதிப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே அரை மீட்டர் நகர்த்துவதுகூடப் பெரிய பலன் தரும்.

எனினும், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நடப்பதற்கு ஸ்பேனர் காரணமாக இருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு 3 | சுருள்கம்பி

நண்பர் நீள்பாய் அவர்களுக்கு, உணரியை மாற்ற வேண்டாம். உங்கள் உணரி நலமாகத்தான் இருக்கிறது என்பதற்கு நீங்கள் எழுதிய இரவுச் சம்பவமே நல்ல சான்று.

அளவுத்திருத்தம் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். படகு வட்டமடிக்கும்போது புவியின் காந்தப்புலம் படகைச் சார்ந்து சுழல்கிறது. படகிலேயே உள்ள காந்தங்களின் புலமோ படகோடு சேர்ந்தே திரும்புவதால், உணரியின் பார்வையில் அது அசையாமல் நிற்கிறது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் கருவி, படகுக்குரிய புலத்தைப் பிரித்தறிந்து கழித்துவிடுகிறது. ஆனால், அந்த நேரத்தில் இருக்கும் புலம் எப்போதும் இருக்கும் என்று அது நம்பிவிடுகிறது. நீங்கள் மதியத்தில் வட்டமடித்தீர்கள். மதியத்தில் மட்டும் உள்ள ஏதோ ஒரு புலத்தை அது நிரந்தரமானது என்று எடுத்துக்கொண்டது. இரவில் அந்தப் புலம் மறைந்ததும், இல்லாத ஒன்றைக் கழித்து, அதே 12 பாகையை எதிர்ப்பக்கமாகக் காட்டியது. வெப்பத்தால் கெட்ட உணரி இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் காட்டாது.

ஆகவே நாம் தேடுவது பகலில் வந்து இரவில் போகும் நேர்மின்னோட்டம் ஒன்றை. மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை ஓர்ஸ்டெட் 1820இல் கண்டார். உங்கள் அலமாரியில் நடப்பதும் அதுவே. ஒற்றைக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 10 சென்டிமீட்டர் தொலைவில் 2 மைக்ரோடெஸ்லா புலம் உண்டாகும். 10 ஆம்பியர் ஓடினால் அதே தொலைவில் 20. புவிப்புலத்தின் மொத்த வலிமையே இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். அதிலும் திசைகாட்டிக்குப் பயன்படுவது கிடைக்கூறு, அதாவது தரைக்கு இணையாக அமையும் பகுதி, மட்டுமே என்பதால், 10 ஆம்பியர் என்பது சிறிய விஷயம் அல்ல.

சுவிட்ச் பலகையில் எல்லாவற்றையும் அணைத்ததாகச் சொன்னீர்கள். பலகையைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போகும் இணைப்புகள் எவை? பெரும்பாலான படகுகளில் அடித்தள நீரேற்றி, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், சோலார் பேனல் ஆகிய மூன்றும் அப்படித்தான் இருக்கும். வெயிலோடு வந்து வெயிலோடு போவது இவற்றில் ஒன்றே ஒன்று.

சோதனை எளிது. உணரி இருக்கும் இடத்துக்கு அருகில் சாதாரணக் கைத்திசைகாட்டி ஒன்றை அசையாமல் வைத்து, சோலார் பேனலைத் துணியால் மூடித் திறந்து பாருங்கள். ஆட்டோபைலட் திரையைப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். கைத்திசைகாட்டியின் காந்தமே உணரியைக் குழப்பும். அதோடு, சுழல்மானியுடன் (திரும்பும் வேகத்தை அறியும் கைரோ) இணைந்த உணரிகள் காந்த மாற்றத்தை உடனே ஏற்காமல் மெதுவாகவே திரையில் காட்டும். கைத்திசைகாட்டிக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

பதிவு 4 | நீள்பாய்

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. சோலார் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. ஒரு மேகம் சூரியனை மறைக்கும் போதெல்லாம் படகு லேசாகத் திரும்பியதைக் காற்றின் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் சோதனையின் முடிவு ஏமாற்றமாக இருக்கிறது. இன்று மதியம், படகுத்துறையில் கட்டிய நிலையில், பேனல்கள் 17 ஆம்பியர் தந்துகொண்டிருந்தபோது கைத்திசைகாட்டியை உணரியின் அருகில் வைத்தேன். பழைய பாய்த்துணியால் பேனல்களை மூடியதும் மின்னோட்டம் சுழியமானது. ஊசி இம்மியளவும் அசையவில்லை. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் அப்படியே. அப்படியானால் சோலார் குற்றவாளி இல்லை என்றுதானே பொருள்?

பதிவு 5 | நீலக்கோடு

குறுக்கிடும் புலம் எங்கிருந்து வந்தாலும், உணரியைச் சுற்றித் தாமிரத் தகட்டால் ஒரு கூடு செய்து மூடிவிட்டால் என்ன? வானொலி இரைச்சலுக்கு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பதிவு 6 | பழைய மாலுமி

தாமிரமும் அலுமினியமும் வானொலி அலையைத் தடுக்கும், மாறாத காந்தப்புலத்தைத் தடுக்காது. இரும்புக் கூடு செய்தால் தடுக்கும்தான். ஆனால் அது புவிப்புலத்தையும் சேர்த்தே தடுத்துவிடும். வடக்கு எது என்று அறிய முடியாத திசைகாட்டியால் யாருக்கும் பயனில்லை. தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம்.

பதிவு 7 | சுருள்கம்பி

நீள்பாய் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. துறையில் கட்டியிருந்தபோது படகின் அணியம் (முன்முனை) எந்தத் திசையை நோக்கி இருந்தது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் முதலில் எழுதியதில் ஒரு நுட்பமான குறிப்பு இருக்கிறது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கிழக்குப் பக்கம் விலகுகிறது என்றீர்கள். கிழக்கு, மேற்குப் பயணங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிழக்கு என்பது வடக்கே போகும் படகுக்கு வலப்பக்கம், தெற்கே போகும் படகுக்கு இடப்பக்கம். இப்படி வடக்கு நோக்கும்போது ஒரு பக்கமும் தெற்கு நோக்கும்போது அதற்கு எதிர்ப்பக்கமுமாக எண் தவறுகிறது என்றால், தொல்லை தரும் புலம் படகின் குறுக்கே, இடப்புறத்திலிருந்து வலப்புறமாக அமைந்திருக்கிறது. படகு வடக்கு நோக்கி நிற்கும்போது அந்தக் குறுக்குப் புலம் புவிப்புலத்துக்குச் செங்குத்தாக விழுந்து ஊசியை முழு வலிமையோடு இழுக்கும். படகு கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டால் அதே புலம் புவிப்புலத்தோடு ஒரே கோட்டில் சேர்ந்துவிடும். ஊசி சற்று மந்தமாகவோ சுறுசுறுப்பாகவோ ஆகுமே தவிர, திரும்பாது. கிழக்கு நோக்கிக் கட்டிய படகில் ஆயிரம் முறை மூடித் திறந்தாலும் ஊசி அசையாது. ஒரே திசையில் செய்த சோதனையை வைத்து எதையும் விடுவிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முதல் பதிவிலேயே இதைச் சொல்லத் தவறியது என் பிழை. மன்னிக்கவும்.

படகைத் திருப்ப முடியாவிட்டால் வேறு வழியும் உண்டு. கைபேசியில் உள்ள காந்தமானி மூன்று அச்சுகளிலும் மைக்ரோடெஸ்லா அளவைத் தனித்தனியாகக் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. கைபேசியை ஓரிடத்தில் ஒட்டிவைத்துவிட்டு, மின்னோட்டத்தை நிறுத்தும்போதும் தொடரும்போதும் எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று மட்டும் பாருங்கள். தனி எண்ணை நம்ப வேண்டாம். கைபேசிக்குள்ளேயே காந்தங்கள் இருப்பதால், மாற்றம் ஒன்றுதான் நமக்குப் பயன்படும். படகு எந்தத் திசையில் கிடந்தாலும் இந்தச் சோதனை பலிக்கும்.

பதிவு 8 | நீள்பாய்

கிழக்குதான். ஏறக்குறைய துல்லியமாகக் கிழக்கு.

இன்று வடக்கு தெற்காக அமைந்த வேறொரு துறைக்குப் படகைக் கொண்டுபோய், அணியம் வடக்கு நோக்குமாறு முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டினேன். பதினொன்றரை மணி, மேகமில்லாத வானம், சோலார் கட்டுப்பாட்டுக் கருவி 18 ஆம்பியர் காட்டியது. அலமாரிக் கதவைத் திறந்து, உணரியின் பக்கத்தில் கைத்திசைகாட்டியை வைத்தேன். அது 346 காட்டியது. மேலே நின்றிருந்த என் தம்பியிடம் முதல் பேனலை மட்டும் மூடச் சொன்னேன். ஊசி நீந்துவதுபோல் நகர்ந்து 352இல் நின்றது. இரண்டாவதையும் மூடியதும் 358. துணியை விலக்கியபோது மறுபடியும் 346. நான் அலமாரிக்குள் தலையை நுழைத்தபடியே மூடு, திற என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு முறை செய்தும் முடிவு ஒரு முறைகூட மாறவில்லை. இரண்டு மாதத் தேடலுக்குப் பிறகு அந்த ஊசி நகர்வதைப் பார்த்தபோது உண்டான நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது.

ஆனாலும் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. இருக்கைக்கு அடியில், உணரிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே, சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் ஒன்றாகக் கட்டப்பட்டு அணியத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே ஓடுகின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று படித்திருக்கிறேன். இங்கே ஏன் அழியவில்லை?

பதிவு 9 | சுருள்கம்பி

மிக நல்ல கேள்வி, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கறுப்புக் கம்பி சிவப்புக் கம்பியின் துணைதான் என்று எப்படித் தெரியும்? நிறத்தையும் கட்டையும் வைத்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் (கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்து அளக்கும் கருவி) தேவை. மாறுமின்னோட்டத்தை மட்டும் அளக்கும் வகை இதற்கு உதவாது. முதலில் கம்பியில்லாமல் சுழியமாக்கிக்கொண்டு, சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து ஒரே பிடிக்குள் விட்டு அளவிடுங்கள். இரண்டும் உண்மையான இணை என்றால் மீட்டர் சுழியத்தைக் காட்டும். 18 காட்டினால், திரும்பும் மின்னோட்டம் வேறெங்கோ ஓடுகிறது.

பதிவு 10 | நீள்பாய்

இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது 18.1. சிவப்பை மட்டும் பிடித்தபோதும் 18.1. கறுப்பில் ஒன்றுமே இல்லை!

மாலை முழுவதும் கறுப்புக் கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். அது முன்னறை விளக்கொன்றின் கம்பி. சோலார் கட்டுப்பாட்டுக் கருவியின் எதிர்முனை, அருகில் இருந்தது என்ற வசதிக்காக எஞ்சின் உடலில் முடுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து எஞ்சினின் தடித்த எதிர்முனைக் கம்பி வழியாக, படகின் அடித்தளத்தில் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தக் கம்பி உணரிக்கு நேர் கீழே சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனக்கு முன் இந்தப் படகை வைத்திருந்தவர் காலத்தில் செய்த வேலை இது.

பதிவு 11 | சுருள்கம்பி

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், எண்கள் ஒத்துப்போனால்தான் மனம் ஆறும். 18 ஆம்பியர் 30 சென்டிமீட்டரில் 12 மைக்ரோடெஸ்லா தரும். அதே மின்னோட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே எதிர்த்திசையில் திரும்புவதால் 3.6 தரும். இரண்டு கம்பிகளும் உணரிக்குக் கீழேயே இருப்பதால் ஒன்று மற்றொன்றைச் சிறிது குறைக்கும், மிச்சம் 8.4. கம்பிகள் நீளவாட்டில் உணரிக்கு அடியில் ஓடுவதால் புலம் படகின் குறுக்கே அமைகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் புவிப்புலத்தின் கிடைக்கூறு 38 அளவில் இருந்தால், ஊசி திரும்பும் கோணம் சுமார் 12 பாகை. உங்கள் கைத்திசைகாட்டி காட்டியதும் அதே 12. கிடைக்கூறு இதைவிடக் குறைந்த உயர் அட்சரேகைகளில் இதே கம்பி இன்னும் பெரிய பிழையைத் தந்திருக்கும்.

ஒரு சிறு கூடுதல் செய்தி. இதே கம்பி உணரிக்குக் கீழே ஓடாமல் அதே உயரத்தில் பக்கவாட்டில் ஓடியிருந்தால், புலம் மேல் கீழாக அமைந்து, படகு நிமிர்ந்து நிற்கும்வரை பிழை தெரியாது. ஆனால் படகு காற்றில் சாயும்போது அந்த வகைப் புலம் தொல்லை கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆகவே கம்பியைப் பக்கத்துக்கு நகர்த்தித் தப்பிக்க நினைக்க வேண்டாம். இணையாக முறுக்கி, பேட்டரி வரை நேராக இழுங்கள். முறுக்கிய இணையில் மிச்சப் புலம் மிக வேகமாகக் குறைந்துவிடும்.

பதிவு 12 | பழைய மாலுமி

இதே தவறு இன்வெர்ட்டரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1000 வாட் எடுக்கும்போது 12 வோல்ட் பக்கத்தில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதன் மாறுமின்னோட்டப் பக்கத்தை உணரி சராசரியாக்கி விட்டுவிடும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, நான் நேரில் பட்டது. ஆட்டோபைலட்டின் சுக்கான் மோட்டாருக்குப் போகும் கம்பியே திசைகாட்டியை ஒட்டி ஓடியது. மோட்டார் சுழன்றால் திசை எண் தவறும், தவறைத் திருத்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும், எண் மறுபடியும் தவறும். படகு பாம்புபோல் நெளிந்தது. திருத்த வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பருவத்தையே வீணடித்தேன். கடைசியில் அந்தக் கம்பியை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் நெளிவு நின்றது.

பதிவு 13 | அலைநீளம்

என் படகில் வேறு விதமான சிக்கல். உயரலை (எச்.எஃப்., தொலைதூரப் பேச்சுக்கானது) வானொலியில் நான் பேசத் தொடங்கினால், அடுத்த நொடியே சுக்கான் ஒரு பக்கமாக முழுவதும் திரும்பிவிடுகிறது. பேச்சை நிறுத்தினால் சரியாகிறது. கைத்திசைகாட்டியை அருகில் வைத்துப் பார்த்தேன், ஊசி அசையவே இல்லை. அருகில் உள்ள படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். வானொலியில் 25 வாட்டில் பேசினாலும் ஒன்றும் ஆவதில்லை. இதுவும் திசைகாட்டிச் சிக்கல்தானா?

பதிவு 14 | சுருள்கம்பி

ஊசி அசையவில்லை என்றால் காந்தப்புலம் காரணமில்லை. வானொலி அலை உணரியின் கம்பியிலோ சுக்கான் நிலையைச் சொல்லும் கம்பியிலோ ஏறி, கட்டுப்பாட்டுக் கணினியைக் குழப்புகிறது. நீண்ட கம்பிகள் உயரலைக்கு ஆன்டெனாவாகவே செயல்படும். முதலில் மிகக் குறைந்த சக்தியில் பேசிப் பாருங்கள். பிறகு உணரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பேசி, சுக்கான் அசைகிறதா என்று பாருங்கள். எந்தக் கம்பி வழியாக நுழைகிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கம்பியில், கணினியில் நுழையும் இடத்துக்கு மிக அருகில் ஃபெரைட் வளையம் (வானொலி அலை கம்பி வழியே நுழைவதைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள். ஒருமுறை நுழைத்து விடுவதைவிட, இடமிருந்தால் மூன்று நான்கு சுற்றுகள் சுற்றுவது மேல். தடை சுற்றுகளின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் மூன்று சுற்று ஏறக்குறைய ஒன்பது வளையங்களின் வேலையைச் செய்யும். உயரலைக்கு ஏற்ற கலவையாகக் கேட்டு வாங்குங்கள். வி.எச்.எஃப்.க்கு என்று செய்த வளையம் இங்கே அவ்வளவாக உதவாது. ஆன்டெனா கம்பியையும் அதன் தாமிரத் தரைப்பட்டையையும் ஆட்டோபைலட் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

பதிவு 15 | இரும்புடல்

நீள்பாய் அவர்கள் கம்பியை மாற்றிய பிறகு எப்போது அளவுத்திருத்தம் செய்யப் போகிறார்? பேனல் ஓடும்போதா, மூடியிருக்கும்போதா? என் அனுபவத்தில், எல்லா இணைப்புகளும் அமைதியாக இருக்கும்போது செய்து, அதன்பின் ஒவ்வொன்றாக இயக்கிச் சரிபார்ப்பதே முறை. எந்தக் கருவியையும் புதிதாகப் பொருத்தும்போது அதன் கையேட்டில் திசைகாட்டிப் பாதுகாப்புத் தொலைவு என்று குறித்திருப்பார்கள். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

பதிவு 16 | நீள்பாய்

எல்லோருக்கும் பணிவான நன்றி. வேலை முடிந்தது.

எஞ்சினில் முடுக்கியிருந்த எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து பேட்டரி வரை சிவப்பும் கறுப்பும் சேர்த்து முறுக்கிய புதிய இணையை இழுத்தேன். பேட்டரியின் அருகில் ஃபியூஸ் வைத்தேன். இருக்கைக்கு அடியில் விடாமல், படகின் மறுபக்கமாக, உணரியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோனேன். இரண்டையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரில் பிடித்தபோது 0.1 காட்டியது.

மறுநாள் விடியற்காலையில், பேனல்களை மூடி, எல்லாவற்றையும் அணைத்து, அலமாரியில் இருந்த சாமான்களை வழக்கமான இடங்களில் வைத்துவிட்டு, அலையில்லாத நீரில் இரண்டு முழு வட்டங்கள் அடித்தேன். அதிகபட்ச விலகல் 3 பாகை என்று வந்தது. முன்பு மதியத்தில் செய்தபோது 13 வந்ததையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

உச்சிவெயிலில் 19 ஆம்பியர் ஓடும்போது வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசைகளிலும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, மேல்தளத்துக் கைத்திசைகாட்டியோடு ஒப்பிட்டேன். எங்கும் வேறுபாடு ஒரு பாகையைத் தாண்டவில்லை. பேனல்களைத் தம்பி மூடித் திறந்தபோதும் படகு தன் கோட்டை விட்டு அசையவில்லை. நேற்று இரவு வடக்கு நோக்கி ஆறு மணி நேரம் போனேன், அப்போதும் அப்படியே. முன்னறை விளக்கின் கறுப்புக் கம்பி மட்டும் அதே இடத்தில் தனியாக ஓடுகிறது. அதன் சிவப்புக் கம்பி எங்கே போகிறது என்று வரும் வாரம் தேடப் போகிறேன்.

பதிவு 17 | சுருள்கம்பி

மிக்க மகிழ்ச்சி. விளக்கின் கம்பியில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும் என்பதால் 30 சென்டிமீட்டரில் ஒரு பாகைக்கு மேல் விலக்காது. இருந்தாலும் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடுங்கள். தேடும்போது படகு வடக்கு நோக்கி இருக்கட்டும்.

பதிவு 18 | அலைநீளம்

உணரியின் இணைப்பைக் கழற்றிய பிறகும் சுக்கான் திரும்பியது. சுக்கான் நிலைக் கம்பியைக் கழற்றியதும் நின்றுவிட்டது. வளையத்தில் நான்கு சுற்று சுற்றி மாட்டினேன். 100 வாட் வரை இப்போது அசைவில்லை, 150 வாட்டில் மட்டும் சிறிது துடிக்கிறது. ஆன்டெனாவின் தரைப்பட்டை அந்தக் கம்பியை ஒட்டியே ஓடுவதைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதை நகர்த்திவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.